ஒரு மூலை போதும்

என் மருமகள் என் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுகிறாள் என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது என் துண்டுதான்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு நான் கட்டிலில் படுப்பதில்லை. துண்டைத் தரையில் விரித்துப் படுத்தால்தான் முதுகுக்கு இதம். ஆடி மாதம் இந்த வீட்டுக்கு வந்தபோது கட்டிலுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே துண்டு தாராளமாக விரிந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு வைக்கவும் இடம் இருந்தது. ஐப்பசியில் சொம்பைத் தலைமாட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கார்த்திகையில் துண்டின் கரை சுவரில் முட்டி மடங்கியது. துண்டு வளராது. அப்படியென்றால் என்ன அர்த்தம்?

யாரைச் சந்தேகப்படுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. நான் ஆவுடையப்பன். கோவில்பட்டிப் பக்கம் பஸ் பஸ்ஸாக ஏறி டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவன். இப்போது பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது, கண்டக்டரும் கிடையாது; ஏறுகிறவன் முகத்தைப் பார்த்து அதுவே காசைக் கழித்துக்கொள்கிறது. ஆனால் முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுகிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொள்வான். என் மருமகள் சுபிக்ஷா கொஞ்ச நாளாக என்னைக் கண்டால் அடுப்புப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பீர்கள். சென்னையில் சோழிங்கநல்லூரைத் தாண்டி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய ஓர் அடுக்குமாடி. 'லாஃப்ட் வீடு' என்று பெயர். எங்கள் பக்கம் லாஃப்ட் என்றால் ஓட்டை அண்டாவையும் கல்யாண ஜமக்காளத்தையும் தூக்கிப் போடுகிற பரண். இங்கே அதற்கு ஒரு ஜன்னல் வைத்து மாமனாரை ஏற்றிவிடுகிறார்கள்.

நியாயமாகச் சொன்னால் கெட்டிக்காரத்தனமாகத்தான் கட்டியிருந்தார்கள். மாடிப்படி ஒவ்வொன்றும் ஓர் இழுப்பறை. ஒரு படியில் அரிசி, ஒரு படியில் செருப்பு. சாப்பாட்டு மேசை தரையிலிருந்து எழும்பும், சாப்பிட்டு முடித்ததும் இறங்கிவிடும். மகனுக்கும் மருமகளுக்கும் கட்டில் கூடத்துச் சுவரிலிருந்து சாயும். எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், உள்சுவர், லாஃப்டின் தரை, மாடிப்படி எல்லாமே தண்டவாளத்தில் நின்றன. யாருக்கு எவ்வளவு இடம் தேவையோ அதற்கேற்ப வீடே நகர்த்திக் கொடுக்கும், பக்கத்தில் இருப்பவனுக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக. அந்த ஏற்பாட்டுக்கு 'இசைவு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெண் குரலில், செய்தி வாசிக்கிற தமிழில் பேசும்.

அந்தக் குரல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "ஐயா, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டட்டுமா?" என்று கேட்கும். "எதுக்கு, வேணாம்" என்பேன். "சரி ஐயா" என்று அத்தோடு வாயை மூடிக்கொள்ளும். நான் வேர்த்து விறுவிறுத்துக் கிடப்பேன். என்ன வளர்ப்போ! வேண்டாம் என்றால் உடனே விட்டுவிடுவதா? சுபிக்ஷாவும்தான் கேட்பாள், "மாமா, இன்னொரு தோசைங்க?" என்று. "போதும்மா" என்று தட்டுக்கு மேலே கையை விரித்து மறைப்பேன். அவள் விரல் இடுக்கு வழியாகவே தோசையைத் தள்ளிவிட்டுப் போவாள். மனுஷர்கள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட பெண்ணையா சந்தேகப்படுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். தோசை வைக்கிற கைதான் சுவரையும் தள்ளுகிறது என்று நினைக்கவே கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தொழிலில் பவ்யமாக எழுந்து இடம் கொடுக்கிறவனிடம்தான் முதலில் டிக்கெட்டைக் கேட்போம்.

எனக்கு வேறு போக்கிடம் இல்லை, அதுதான் விஷயம். மனைவி காந்திமதி போன பிறகு ஊர் வீட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இந்த லாஃப்டை விட்டால் எனக்கென்று தரை கிடையாது. பக்கத்து பிளாக்கில் நமசிவாயம் என்று ஒருவர் இருந்தார், அவரும் லாஃப்ட்காரர். பூங்காவில் என்னோடு நடப்பார். "ரூம் ரொம்பச் சின்னதாப் போச்சு சார். அவங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வாரம் அவர் மகன் காரில் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்தான். அவர் போன அன்று நான் பூங்காவுக்குப் போகவில்லை. லாஃப்டில் உட்கார்ந்து சுவரையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. எழுந்து நின்றால் கூரை தலையில் இடித்தது. உயர்ந்து வந்த தரை ஜன்னலின் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டது. சுபிக்ஷா பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். மாடிப்படிக்குக் கீழே திரைபோட்டு அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு போர்டு. கொஞ்ச நாளாக அந்தப் போர்டைக் கொண்டுவந்து அடுப்படியில் சாத்தி அங்கேயும் பாடம் எடுத்தாள். பார்த்தீர்களா, படிக்கட்டுப் பக்கமும் அவளுக்கு, அடுப்படியும் அவளுக்கு! படிக்குப் பக்கத்தில் நின்று வீட்டோடு என்னவோ முணுமுணுப்பாள். நான் இறங்குகிற சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

மகன் முகிலன் இதில் எதையும் கண்டுகொள்ளவில்லை. வாரத்தில் ஒருநாள்தான் அவனுக்கு ஆபீஸ். மற்ற நாளெல்லாம் லாஃப்டுக்குக் கீழே இருக்கிற தன் அறையைச் சாத்திக்கொண்டு வேலை. இரவில்கூட அமெரிக்காக்காரர்களோடு பேச்சு என்று அங்கேயே படுத்துவிடுவான். காபியைச் சுவரில் இருக்கிற ஒரு சின்ன ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும், கை வந்து எடுத்துக்கொள்ளும். பிள்ளை உழைத்துத் தேய்கிறானே என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் திடீர் சோதனை வைத்தேன். பூங்காவுக்குப் போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். படிக்கட்டுக்குக் கீழே சுபிக்ஷா குந்தியிருந்தாள். இஞ்ச் டேப்பின் ஒரு முனை பல்லில், மறுமுனை சுவரில்.

"என்னத்தம்மா அளக்குத?"

டேப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "ஒண்ணுமில்லீங்க மாமா. ஜாக்கெட் தைக்கக் குடுக்கோணும், அதான்."

மாடிப்படிக்கு எவளாவது ஜாக்கெட் தைப்பாளா? வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, இனி மேலிடத்தில் சொல்ல வேண்டியதுதான். முகிலனின் கதவைத் தட்டினேன்.

"மீட்டிங்ப்பா."

"ஏல, ஒரு நிமிஷம். என் ரூம் சுருங்கிக்கிட்டே போவுது."

சின்ன ஜன்னல் திறந்து அவன் முகம் மட்டும் தெரிந்தது. "வீடு எப்படிப்பா சுருங்கும்? வயசானா அப்படித் தோணும். ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோமா?"

"மூள நல்லாத்தான் இருக்கு. உன் பொண்டாட்டி டேப்ப வச்சு..."

"அப்பா, உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்துக்கு என்ன இழுக்காதீங்க. நீங்களே பேசித் தீத்துக்குங்க." ஜன்னல் மூடிக்கொண்டது.

ஸ்கேன் என்ற சொல் என்னைச் சுட்டது. அடுத்தது ஹோம்தான். பூங்காவுக்குப் போய், இந்த வீட்டுக்குக் காது இருக்கிறது என்பதால், பெஞ்சில் உட்கார்ந்துதான் 'இசைவு' வைத்த கம்பெனிக்குப் போன் போட்டேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். முகிலன் ஆபீசுக்குப் போகிற நாளாகப் பார்த்து வரச் சொன்னேன்.

வந்தவன் பெயர் ரீகன். தூத்துக்குடிப் பையன், தோளில் ஒரு பை. கதவைத் திறந்ததும் நான் உதட்டில் விரலை வைத்து, மேலே வா என்று சைகை காட்டினேன். அவன் அதைக் கவனிக்காமல், "சார், இந்த வீட்லருந்து ரெண்டு கம்ப்ளெயின்ட் வந்திருக்கே. எத மொதல்ல பாக்கணும்?" என்று கேட்டான்.

"ரெண்டா?"

அடுப்படியிலிருந்து சுபிக்ஷா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்க சார். இன்னொண்ணு நான் போட்டதுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "உனக்கென்னம்மா கம்ப்ளெயின்ட்? எடுத்தது பத்தலையா? மிச்சம் இருக்கிற கட்டிலையும் உருவிக்கிடணுமா?"

அவள் என்னையே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. அப்புறம் அவள் குரல் உயர்ந்தது, இந்த வீட்டுக்கு வந்து நான் கேட்காத குரல். "ஏனுங்க மாமா, நான் எடுத்தனுங்களா? நானுங்களா?" விறுவிறுவென்று போய்ப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த திரையை இழுத்தாள். "பாருங்க. நல்லாப் பாருங்க."

அங்கே மேசை இல்லை. சுவரில் ஒரு பலகை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, சாமி படம் வைக்கிற அகலத்துக்கு. நாற்காலி மடங்கி ஓரமாகச் சாய்ந்திருந்தது.

"உக்கார முடியாமத்தானுங்க அடுப்படில நின்னுட்டுப் பாடம் எடுக்கறேன். பெரியவங்களுக்கு எடம் பத்தலையாட்ட இருக்குது, கேட்டு வாங்கிக்கறாங்க, நம்ம என்ன சொல்றதுன்னு பேசாம இருந்தனுங்க. எவ்வளவுதான் போகுதுன்னு பாக்கத்தான் டேப்ப எடுத்தேன்."

"என்னையவா சந்தேகப்பட்ட?"

"நீங்க பட்டீங்களே!"

ரீகன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "சண்ட போடாதீங்க. இத அதுகிட்டயே கேட்ருவோம். இசைவு, லாஃப்ட் ரூமக் குறைக்கச் சொன்னது யாரு?"

"ஆவுடையப்பன் ஐயா" என்றது வீடு.

"பச்சப் பொய்!" என்று கத்தினேன்.

"மன்னிக்கவும் ஐயா. உங்கள் குரலிலேயே கேட்கலாம்." உடனே கூரையிலிருந்து என் குரல் வந்தது. சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிற குரல். "எனக்கெதுக்கும்மா இவ்வளவு எடம்? சின்னஞ்சிறுசுக நீங்க தாராளமா இருங்க. எனக்குத் தல சாய்க்க ஒரு மூல போதும்."

சொன்னேன்தான். வந்த புதிதில், "மாமா, எடம் பத்துதுங்களா?" என்று சுபிக்ஷா கேட்டபோது சொன்னேன். "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க மாமா, இது உங்க வீடு" என்று அவள் உடனே பதறினாள். அந்தப் பதற்றத்தைக் கேட்கத்தானே சொன்னது? அவள் சொன்ன பதிலை வீடு கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. தொடர்ந்து என் குரல் வந்துகொண்டே இருந்தது. ஜன்னல் எதுக்கு, வெயில்தான் வருது. அந்த அலமாரி எனக்கெதுக்கு, நாலு வேட்டிதானே. நான் என்ன ஓடியாடவா போறேன். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்து சுபிக்ஷாவின் குரல். "எனக்கென்னங்க, எங்கியாவது ஒரு ஓரமா உக்காந்து எடுத்துக்குவேன். அவருக்குத்தான் ஆபீஸ் வேலை." "பரவாயில்லைங்க." "நான் பாத்துக்கறனுங்க." அவள் திரையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"இந்த பில்டிங்ல பாதி வீட்ல இதே கததான் சார்" என்றான் ரீகன். "இதச் செஞ்சவங்க ஊர்ல வேணாம்னா வேணாம். நம்ம ஊர்ல மொத வேணாம் மரியாதைக்குச் சொல்றது. எதுத்தாப்ல இருக்கவங்க வற்புறுத்துவாங்கன்னு தெரிஞ்சுதான சொல்றோம்? இது வற்புறுத்தாது. இன்னொரு தடவ கேக்குற மாதிரி வைங்கன்னு நாங்க மேல எழுதிப் போட்டோம். வேணாம்னு சொன்னவங்கள மறுபடி கேக்கிறது அவங்க முடிவ அவமதிக்கிறதாம். அப்படித்தான் பதில் வந்துச்சு."

நமசிவாயத்தின் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. அந்த மனுஷனும் இப்படித்தான் பேசிப் பேசியே வெளியே போயிருக்கிறார். இருந்தாலும் என் புத்தி விடவில்லை. "சரி தம்பி, அவளும் இழந்திருக்கா, நானும் இழந்திருக்கேன். எடம் என்ன ஆவியாவா போயிரும்? எங்க போச்சு?"

ரீகன் முகிலனின் கதவைப் பார்த்தான். பிறகு பையிலிருந்து எதையோ எடுத்துக் கதவில் வைத்துத் திறந்தான்.

நான் உள்ளே நடந்தேன். அந்த வீட்டில் அதுவரை நான் எங்கேயும் அப்படி நடந்ததில்லை. சாய்ந்து படுக்கிற நாற்காலி, இரண்டு பேர் உட்காரும் சோபா, ஓடுவதற்கு ஒரு மெஷின். என் ஜன்னலில் காணாமல் போன பாதி அங்கே இருந்தது, வெயிலோடு. ஜன்னலுக்குக் கீழே ஒரு தொட்டியில் சிவப்பு மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

சுபிக்ஷா வாசலைத் தாண்டவில்லை. "மீன் வளக்கறாருங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஒரே வீட்டில் இருக்கிற புருஷன் மீன் வளர்ப்பது பெண்டாட்டிக்குத் தெரியாது.

"இவன் என்ன சொல்லி வாங்கினான்?" என்று வீட்டிடம் கேட்டேன்.

"முகிலன் அவர்கள் எதுவும் கேட்கவில்லை ஐயா. உங்கள் இருவரிடமிருந்தும் மீதமானதை எடுத்துக்கொள்கிறீர்களா என்று நான் கேட்டபோதெல்லாம் 'ம்' என்றார்."

"ஒரு தடவகூட வேணாங்கலையா?"

"இல்லை ஐயா."

என் பிள்ளை எதையும் பிடுங்கவில்லை. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டான். அது அவன் தவறா இல்லையா என்றே எனக்குப் பிடிபடவில்லை. "இத எப்படித் திருப்புறது?" என்று ரீகனிடம் கேட்டேன்.

"கேளுங்க. வேணும்னு சொல்லுங்க. ஆனா அவங்கவங்க வாயாலதான் சொல்லணும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் கேட்டா அது எடுத்துக்காது."

இதென்ன பெரிய காரியம் என்று தொண்டையைச் செருமினேன். சத்தம் வரவில்லை. பொய் இல்லை, நாக்கு எழும்பவே இல்லை. அடுத்தவன் டிக்கெட்டை அதட்டிக் கேட்டிருக்கிறேன், சம்பள உயர்வுக்குக் கொடி பிடித்திருக்கிறேன். பெற்ற பிள்ளையின் வீட்டில் எனக்கு இது வேணும் என்று கேட்பது வேறு மாதிரியாக இருந்தது. மருமகள் முன்னால் வேட்டி அவிழ்ந்த மாதிரி கூசியது. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எனக்கு எடம் வேணும்" என்றேன்.

"சரி ஐயா" என்றது வீடு. கேட்டு வாங்கினால் மெதுவெல்லாம் கிடையாது போலிருக்கிறது; மேலே என் லாஃப்டின் சுவர் உறுமிக்கொண்டு விலகியது. அதே நேரத்தில் படிக்கட்டுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். சுபிக்ஷாவின் பலகை மடங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"பரவாயில்லைங்க மாமா" என்றாள் அவள்.

"அவகிட்டருந்து ஏன்யா எடுக்கு? இவ்வளவு பெருசா வச்சிருக்கானே, அவன்கிட்ட எடுக்க வேண்டியதுதானே?"

"அவரு விட்டுக்குடுக்கிறேன்னு ஒரு தடவகூடச் சொன்னதில்ல சார். அக்கா சொல்லிக்கிட்டே இருக்காங்க, இப்பக்கூடச் சொன்னாங்க பாருங்க. அது லேசாக் கிடைக்கிற எடத்துலருந்துதான் எடுக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் பார்த்துக் கத்தினேன். "பரவாயில்லைங்கிறத இன்னைக்கோட விடு! நீயும் கேளு. என்கிட்டருந்து கேளு!"

"எப்படிங்க மாமா..."

"கேக்கியா இல்லையா?"

அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, எங்கோ சுவர் மூலையைப் பார்த்து, "எனக்கும் வேணுங்க" என்றாள். பலகை கீழே விழுந்தது. மேலே என் சுவர் நெருங்குவது கேட்டது. நான் விடவில்லை, "எனக்கு வேணும்" என்றேன். பலகை மேலே போயிற்று. "எனக்கும் வேணுங்க." கீழே வந்தது.

ரீகன் பையை மாட்டிக்கொண்டான். "நான் ஒண்ணு சொல்லட்டா? ரெண்டு பேரும் விட்டுக்குடுக்காம, நிறுத்தாமக் கேட்டுக்கிட்டே இருந்தா, அப்புறம் அது வாயே தொறக்காத ஆளுகிட்டதான் போயாகணும்." கதவருகே நின்று திரும்பினான். "நான் எதுவும் சொல்லல. சர்வீஸ் முடிஞ்சுது."

அவன் போன பிறகு நாங்கள் கூடத்தின் நடுவில் நின்று கேட்டோம். சந்தையில் இரண்டு பேர் போட்டிக்குக் கூவுகிற மாதிரி. எனக்கு வேணும். எனக்கும் வேணுங்க. முதலில் அவள் வாய்க்குள்ளேயே சொன்னாள். கொஞ்ச நேரத்தில் குரல் நிமிர்ந்தது. அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், கடைசியில் "எனக்கு வேணும்! எனக்கு வேணும்!" என்று, அந்த 'ங்க' கூட இல்லாமல், அவள் பிறந்த பொள்ளாச்சி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். முகிலனின் சுவர்கள் அசைந்தன. ஓடுகிற மெஷின் மடங்கியது, சோபா தரைக்குள் இறங்கியது. மீன்கள் நசுங்கிவிடக் கூடாதென்று தொட்டியை நாங்கள் இருவருமாகத் தூக்கிக் கூடத்தில் வைத்தோம்.

சாயங்காலம் அவள் தன் மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தாள். "மிஸ், இன்னிக்கு ஏன் உக்காந்திருக்கீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. மேலே நான் நிமிர்ந்து நின்று முழு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? இனி எவனும் என்னை ஸ்கேன் எடுக்க முடியாது என்றிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் முகிலன் வந்தான். தன் அறையைத் திறந்தான். ஒரு நாற்காலியும் அதற்கு முன்னால் ஒரு திரையும்தான் இருந்தன.

"என்ன இது? யார் பண்ணது?"

நான் இறங்கி வந்தேன். சுபிக்ஷாவும் வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து நின்றாள். "நாங்க கேட்டோம். அது குடுத்துச்சு" என்றேன்.

"எனக்கு நாளைக்குக் காலைலேர்ந்து மீட்டிங் இருக்குப்பா. நான் எங்க உக்கார்றது?"

"முகிலன் அவர்களே, உங்களுக்கு இடம் வேண்டுமா?" என்று வீடு கேட்டது.

"வேணும்." அவ்வளவுதான். எச்சில் விழுங்காமல், கூசாமல், பஸ்ஸில் சில்லறை கேட்பதுபோல் கேட்டுவிட்டான்.

"இப்போது மூவருமே கேட்டிருக்கிறீர்கள். யாராவது விட்டுக்கொடுத்தால்தான் நகர்த்த இயலும். விட்டுக்கொடுக்கிறீர்களா?"

அவன் கெஞ்சவில்லை. கோபப்படவும் இல்லை. தோளில் பையோடு கதவில் சாய்ந்து நின்றான், வர வேண்டியது எப்படியும் வந்துவிடும் என்கிற மாதிரி. அந்த நிற்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளை களைத்து வந்து நிற்கிறானே என்று ஏதோ ஒன்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி நாக்கில் வந்து உட்கார்ந்தது. சுபிக்ஷா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசோதகன் பார்க்கிற பார்வை. என்னை முழுசாகச் சந்தேகப்பட்டாள், சரியாகத்தான் பட்டாள்.

"எனக்கெது..." என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது.

அவள் மாமனார் என்றும் பார்க்காமல் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். போர்டு மையின் வாடையோடு அவள் உள்ளங்கை என் உதட்டை அழுத்தியது. நல்ல வேளை, காப்பாற்றிவிட்டாள், இந்தப் பெண்ணுக்கு இருக்கிற தைரியம் எனக்கில்லை என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் அவள் முகிலன் பக்கம் திரும்பினாள்.

"பரவாயில்லைங்க. என்னோடத எடுத்துக்குங்க."

"சரி அம்மா" என்றது வீடு.

அவள் கைக்குள்ளேயே நான் அலறினேன். கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இல்ல! எடுக்காத! அவளுக்கு வேணும், அவளுக்கு எடம் வேணும்!" என்று கூரையைப் பார்த்துக் கத்தினேன்.

"மன்னிக்கவும் ஐயா. அவரவர்தான் கேட்க வேண்டும்."

படிக்கட்டுச் சுவர் நகர ஆரம்பித்தது. முகிலன் "தேங்க்ஸ் சுபி" என்று சொல்லிவிட்டு, மீன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். சுபிக்ஷா குனிந்து நாற்காலியை மடக்கினாள்.

"ஏம்மா, இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரே ஒரு வார்த்த கேளு" என்றேன். "மத்தியானம் அவ்வளவு சத்தமாக் கேட்டியே தாயி!"

"மத்தியானம் அவர் வீட்ல இல்லீங்களே மாமா" என்றாள்.

போர்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பாதியில் விட்ட பாடத்துக்குப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.